நகரும் பலகை, நகராத மேசை

கட்டடக்கலையோ பொருள் வடிவமைப்போ, எதைப் படித்தாலும் அந்த மாணவர்களின் நாள் பெரும்பாலும் ஸ்டுடியோவில்தான் கழிகிறது. காலையில் வரைவார்கள். மதியம் அட்டையை வெட்டி மாடல் ஒட்டுவார்கள். ஆசிரியர் மேசை மேசையாக வந்து உட்கார்ந்து, வரைபடத்தின் மேலேயே ட்ரேசிங் தாளை விரித்துத் திருத்திக் காட்டுவார். ஒரு வேலை முடிந்தால் ஜூரி: சுவரெல்லாம் ஷீட், நடுவில் மாணவர், எதிரே கேள்விகளோடு நான்கைந்து பேர். தனியாக யோசிக்க, கூடிப் பேச, வெட்டி ஒட்ட, மாட்டிக் காட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரே கூடம் இடம் தர வேண்டும். நெகிழ்வான ஸ்டுடியோ என்ற தேவை இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மிகத் துணிச்சலான விடை 1956-ல் சிகாகோவில் எழுந்தது. இலினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவராக இருந்த மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கிரவுன் ஹால் அது. 220 அடி நீளம், 120 அடி அகலம், 18 அடி உயரம். அந்தக் கூடத்தில் ஒரு தூண்கூட இல்லை. வழக்கமாகக் கூரையை உத்தரம் அடியிலிருந்து தாங்கும். இங்கே நான்கு பெரிய எஃகு உத்தரங்கள் கூரைக்கு மேலே கிடக்கின்றன; கூரை அவற்றிலிருந்து தொங்குகிறது. எடை முழுவதும் வெளிப்புறத்தில் நிற்கும் எட்டுத் தூண்கள் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே மேசைகளை எப்படி வேண்டுமானாலும் போடலாம். சுற்றுக் கண்ணாடியில் கீழ்ப்பகுதி மங்கலாகவும் மேற்பகுதி தெளிவாகவும் இருப்பதால், உட்கார்ந்து வரைபவருக்கு வெளியே நடப்பவர்கள் கவனத்தைக் கலைப்பதில்லை; வானமும் மரங்களும் மட்டும் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இதற்குக் கீழே இருக்கிறது. பட்டறை, கழிப்பறை, இயந்திரங்கள், சுவர் வைத்த அறைகள் எல்லாம் கீழ்த்தளத்தில் அசையாமல் நிற்கின்றன. மேல்தளத்துக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த அசையாமையால் வந்தது. அப்படியும் ஒரு சிக்கல் தீரவில்லை. கூடத்தில் கூரையைத் தொடாத ஓக் மரத் தடுப்புகள் மட்டுமே உண்டு. ஓரிடத்தில் பேசுவது மற்ற இடங்களிலும் கேட்கும்.

காரணம் எளிமையானது. கண்ணை மறைக்க மெல்லிய பலகை போதும். ஒலியைத் தடுக்கக் கனம் வேண்டும், இடைவெளியும் இருக்கக் கூடாது. தடுப்புக்கு மேலே ஒரு சாண் திறந்திருந்தாலும் ஒலி வளைந்து வந்துவிடும். ஆகவே நகர்த்தக்கூடிய தடுப்பு, ஒலியைத் தடுப்பதில் பெரும்பாலும் பலவீனமானதுதான். ஒலியை உறிஞ்சும் கூரையும், கதவு சாத்திப் பேச ஓர் அறையும் இல்லாமல் திறந்த ஸ்டுடியோ கட்டுவது மாணவர்களுக்குச் செய்யும் கொடுமை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு கற்பிக்கும் டி.ஸ்கூல் வேறு வழியில் போனது. 2010-ல் நிலையான இடத்துக்கு வரும்வரை அது கட்டடம் விட்டுக் கட்டடம் மாறிக்கொண்டே இருந்தது. எப்போதும் காலி செய்ய வேண்டியிருந்ததால், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும்படி செய்யக் கற்றார்கள். ஜவுளிக்கடையில் சட்டை மாட்டும் சக்கர ஸ்டாண்டை எடுத்து, அதில் குளியலறைச் சுவருக்கு ஒட்டும் மலிவான பளபளப்புப் பலகையைப் பொருத்தினார்கள். மார்க்கரால் எழுதலாம், அழிக்கலாம். இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் ஒரு மூலை உருவாகிவிடும். ஸ்டாண்டின் அடிப்பாகம் இசட் வடிவில் வளைந்திருப்பதால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஓரமாக நிறுத்திவிடலாம். ஸ்காட் டோர்லியும் ஸ்காட் விட்டாஃப்டும் 2012-ல் வெளியிட்ட 'மேக் ஸ்பேஸ்' நூலில் இதைச் செய்யும் முறையை யாரும் பின்பற்றும்படி விளக்கியிருக்கிறார்கள். இந்தத் தாராள மனதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சக்கரமே இல்லாத நெகிழ்வும் உண்டு. 1962-ல் அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி, இன்று செப்ட் பல்கலைக்கழகத்தின் பகுதி. செங்கல் சுவர், பூசாத கான்கிரீட், மிகக் குறைந்த கதவுகள். ஸ்டுடியோக்களுக்கு வடக்கு வெளிச்சம் மேலிருந்து வருகிறது. நேரடி வெயில் பெரும்பாலும் விழாததால் அது நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மேசையை எங்கே தள்ளினாலும் வரையலாம். வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் நன்றாக விழும் கூடத்தில் சக்கரம் இருந்தும் பயனில்லை. படிக்கட்டும் கட்டடத்துக்கு அடியிலுள்ள நிழலும் மாணவர்கள் கூடிப் பேசும் இடங்களாகிவிடுகின்றன. வெயில் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஹார்வர்டின் வடிவமைப்புப் பள்ளி இயங்கும் கண்ட் ஹால், ஜான் ஆண்ட்ரூஸின் வடிவமைப்பில் 1972-ல் எழுந்தது. ஒரே சரிந்த கூரையின் கீழ் ஸ்டுடியோக்கள் படிப்படியாக ஐந்து தட்டுகளில் இறங்குகின்றன. அங்கே தட்டுகளை நகர்த்த முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு மேசை உண்டு. தன் இடத்துக்குப் போகும் வழியிலேயே அடுத்தவர் வேலையும் கண்ணில் படும். ஸ்டுடியோவில் பாதிப் படிப்பு அப்படி நடப்பதுதான்.

இந்த மேசை விஷயத்தில்தான் இன்று தவறு நடக்கிறது. 'நெகிழ்வு' என்று சொல்லி, வந்தவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அரைகுறை மாடலை மாலையில் கலைத்து வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. இரவு முழுக்கப் பசை காய வேண்டும், மறுநாள் அதே இடத்தில் அதைப் பார்க்க வேண்டும். காலிக் கூடம் கல்யாண மண்டபத்துக்குப் போதும், ஸ்டுடியோவுக்குப் போதாது. இடத்தை மிச்சப்படுத்துவதற்கு நெகிழ்வு என்று பெயர் வைப்பதை ஏற்கக் கூடாது.

புதிதாக வடிவமைப்புக் கல்லூரி கட்டுபவர்கள் சக்கரம் வைத்த நாற்காலிகளின் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் நான்கைத் தீர்மானித்துவிடுங்கள்: எந்த மூலைக்கும் எட்டும் மின்இணைப்பு, சீரான வெளிச்சம், ஊசி குத்தச் சுவர், ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பருவம் முழுக்கச் சொந்தமான ஒரு மேசை. இவை வரைபடத்தில் ஏறிய பிறகு மற்றதெல்லாம் நகரட்டும்.