ஒரு வயரில் எத்தனை கருவிகள்?

யாழ்ப்பாணத்தில் மீன் குளிர்களஞ்சியம் நடத்தும் ஹாஜியார் ஒருவர் என்னை அழைத்திருந்தார். "தம்பி, கம்ப்யூட்டரில் சில அறைகளின் சூடு தெரியுது, சிலது தெரியுதில்லை. ஒரு இரவு அலாரமும் அடிக்கவில்லை. மீன் முழுக்கப் பழுதாகிப் போச்சு" என்றார்.

போய்ப் பார்த்தேன். 20 வெப்பமானிகளுடன் தொடங்கிய கட்டுப்பாட்டு வயரில், வியாபாரம் வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்த்து 44 ஆக்கியிருந்தார்கள். கருவிகளில் குறையில்லை. எத்தனை தாங்கும் என்ற கணக்கை யாரும் போடவில்லை.

2024 ஆகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் போன்ற பெரிய திட்டங்களில் இந்தக் கணக்கைப் பொறியியலாளர்கள் முதலிலேயே போட்டுவிடுவார்கள். ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை வைத்திருக்கும் நாம்தான் வாங்கி மாட்டிய பிறகு யோசிக்கிறோம். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மின்சுமை. தொழிலகங்களில் பரவலாக உள்ள ஆர்.எஸ்.485 வயர் 32 'சுமை அலகுகளை'த் தாங்கும்; நீளம் சுமார் 1200 மீற்றர் வரை போகலாம். புதிய கருவிகள் சில எட்டிலொரு அலகே எடுப்பதால் 256 வரை இணைக்கலாம். பழையவை முழு அலகை எடுக்கும். கருவியோடு வரும் கையேட்டில் இது இருக்கும்.

இரண்டாவது, இலக்கம். 1979இல் அமெரிக்காவின் மொடிகொன் நிறுவனம் உருவாக்கிய மொட்பஸ் முறையில் கருவிகளுக்கு 1 முதல் 247 வரையே இலக்கமிடலாம். ஒரே இலக்கம் இரண்டுக்கு வந்தால் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லிக் குழப்பும்.

மூன்றாவது, நேரம். தலைமைக் கருவி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் விசாரிக்கும். 9600 வேகத்தில் ஒரு கேள்வி, பதிலுக்கு சுமார் இருபதில் ஒரு செக்கன். 40 கருவிகளுக்கு 2 செக்கன். குளிரறைக்கு இது போதும். அவசரமாக மோட்டரை நிறுத்தப் போதாது. பழுதான ஒரு கருவிக்காக 1 செக்கன் காத்திருக்கும்படி அமைத்திருந்தால், ஐந்து பழுதுக்கு 5 செக்கன் கூடும்.

ஈதர்நெட் வயர் என்றால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்று ஒவ்வொரு பி.எல்.சி.க்கும் வரம்புண்டு; சிலவற்றில் அது எட்டு, பதினாறுதான். அலுவலகக் கம்ப்யூட்டர், சுவர்த்திரை, கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும் பெட்டி ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடிக்கும். இடம் நிரம்பினால் அடுத்தது வெளியேதான்.

மூன்றில் எது மிகச் சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. அதிலும் காற்பங்கை நாளைய வளர்ச்சிக்கு விட்டுவைக்க வேண்டும்.

ஹாஜியாரின் வயரை இரண்டாகப் பிரித்து, நடுவே ஒரு ரிப்பீட்டர் வைத்தோம். இப்போது 44 அறைகளும் திரையில் தெரிகின்றன. அந்தச் சிறு பெட்டியின் விலை, அன்றிரவு பழுதான மீனின் விலைக்குப் பக்கத்திலும் வராது. அடுத்த கருவியை வாங்கும் முன், "இந்த வயரில் இன்னும் எத்தனைக்கு இடமிருக்கு?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.