ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? மின்சாரக் காருக்குக் கணக்கெழுதும் முறை



சபைகளைச் சந்திக்கச் செல்லும் இடங்களில், ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், சில ஆண்டுகளாக எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. போதகருக்கு வாகனம் வாங்க நினைக்கும் கமிட்டியார் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள். "மின்சாரக் கார் ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாதாமே, ஐயா, மெய்தானா?" கார் விற்பவர் 50 பைசா என்கிறார். ஏற்கெனவே வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரோ ஈ.பி. பில்லைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் பார்ப்பது வெவ்வேறு மீட்டர்களை.

சபையாரின் காணிக்கைப் பணத்தில் வாங்கப்படும் கார் என்றால், எந்த மீட்டரைப் பார்ப்பது என்பது சின்ன விஷயமல்ல. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை நாம் அறிந்திருக்கிறோம். ஆகையால் இந்த இதழில் அந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்று விளக்க முயலுகிறோம்.

முதலில் யூனிட். நம் ஈ.பி. கார்டில் எழுதப்படும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் மின்சாரம் அது. மின்சாரக் காரின் பேட்டரியையும் இதே அளவையால்தான் அளக்கிறார்கள். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் கொள்ளும் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் காரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதுபோல, இங்கே யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும். சில கார்களின் திரையில் இது தலைகீழாக, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை வாட் மணி என்று காட்டப்படும். 125 என்று காட்டினால் ஆயிரத்தை அதனால் வகுக்கவும்: யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் வெப்ப சக்தி ஏறக்குறைய 9 யூனிட்டுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் அந்த 9 யூனிட்டையும் தின்றுவிட்டுத்தான் 15 கிலோமீட்டர் போகிறது. மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு 2 யூனிட் சொச்சம் போதும். இன்ஜினில் பெரும்பகுதி சக்தி வெப்பமாக வீணாவதே காரணம். (நிலக்கரியை எரிக்கும் மின் நிலையத்திலும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீணாகத்தான் போகிறது. கார் புகை விடவில்லை என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.)

இனி விளம்பரத்தில் வரும் எண்ணுக்கு வருவோம். டாட்டா நெக்ஸான் காரின் 45 யூனிட் பேட்டரி மாடல் 2024-இல் வந்தபோது, அதற்கு அளிக்கப்பட்ட சான்றிதழ் தூரம் 489 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி எடுக்கப்படும் எண். அதே கம்பெனி, நடைமுறையில் ஓட்டுகிறவர்களுக்குக் கிடைக்கக்கூடியது 350 முதல் 370 கிலோமீட்டர் என்று கூடவே சொல்லிவிட்டது. முதல் எண்ணின்படி யூனிட்டுக்கு 11 கிலோமீட்டர், இரண்டாவதின்படி 8. நமது கணக்குக்கு இரண்டாவதையே எடுத்துக்கொள்வோம்.

ஆனால் அந்த 8 கிலோமீட்டரும் பேட்டரியிலிருந்து புறப்பட்ட யூனிட்டுக்கு உரியது. நாம் பணம் கட்டுவதோ சுவரிலிருந்து புறப்பட்ட யூனிட்டுக்கு. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குத் தேவை நேர்திசை மின்சாரம். காருக்குள் இருக்கும் சார்ஜர் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சூடாகிறது. அந்தச் சூடும் நம் பில்லில் ஏறுகிறது. வீட்டில் சார்ஜ் செய்யும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை இப்படிப் போவது சாதாரணம். 15 ஆம்பியர் பிளக்கில் மெதுவாக இரவெல்லாம் சார்ஜ் செய்தால் இழப்பு சற்று அதிகமாகவும் கூடும். ஏனெனில் அத்தனை மணி நேரமும் காரின் மின்னணுச் சாதனங்கள் விழித்திருக்கின்றன. ஆக, திரை 8 என்று காட்டும் கார் சுவர்க் கணக்கில் 7 கிலோமீட்டர்தான் தரும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் மின்சாரக் கார்களுக்கு மைலேஜ் எண் கொடுக்கும்போது இந்த இழப்பையும் சேர்த்து, சுவரிலிருந்தே அளக்கிறது. அதுவே நேர்மையான முறை என்பது எங்கள் கருத்து.

இப்போது பணம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பலரும் சறுக்கும் இடம் இதுதான். சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நம் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 பைசா, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 பைசா, அதற்குமேல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.50 ஆகிவிடும். பிறகு 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11. 2024 ஜூலையில் இவை சற்று உயர்ந்தன. கணக்கு எளிதாயிருக்கும்படி 2022-இன் எண்களையே இங்கே வைத்துக்கொள்கிறோம்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பில் 1,125 ரூபாய். மின்சாரக் கார் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் 2,100 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 300 யூனிட். மொத்தம் 700 யூனிட் ஆகிறது. புதிய பில் 3,650 ரூபாய். காரினால் கூடியது 2,525 ரூபாய். அதை 2,100-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 பைசா.

இதே காருக்கு விற்பனைக்காரர் போடும் கணக்கைப் பாருங்கள். திரையில் 8 கிலோமீட்டர். யூனிட் விலை 4.50, ஆகவே கிலோமீட்டருக்கு 56 பைசா! வேறு சிலர் முழு பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி 5 ரூபாய் 21 பைசா என்று கண்டு, கிலோமீட்டருக்கு 75 பைசாவுக்குள் முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கணக்கு நியாயம்போலத் தோன்றும். ஆனால் கார் வருவதற்கு முன்பே மின்விசிறியும் குளிர்பெட்டியும் மலிவான படிகளைப் பிடித்துக்கொண்டன. கடைசியில் வந்த கார், மேல் படிகளில்தான் உட்கார முடியும். போதாததற்கு, கீழே இருந்த சலுகையையும் அது தட்டிவிட்டது. ஆகையால் கார் இல்லாதிருந்தால் பில் எவ்வளவு, கார் வந்தபின் எவ்வளவு என்ற வித்தியாசமே காரின் செலவு. ஏற்கெனவே ஏ.சி. ஓடி 1000 யூனிட்டைத் தாண்டும் வீடானால், காரின் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்தான். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 57 பைசா. அண்டை மாநிலங்களிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் தங்கள் பில்லில் உள்ள விகிதங்களை வைத்து இதே கழித்தலைச் செய்துகொள்ளவும்.

இவ்வளவு சொன்னபின்பும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 பைசா ஆகிறது என்பதை மறக்கக்கூடாது. 1.20 என்பது இன்னும் மிகவும் குறைவுதான். 56 பைசா என்று நம்பி வாங்கியவர் ஏமாற்றமடைகிறார், 1.20 என்று அறிந்து வாங்கியவர் சந்தோஷப்படுகிறார்.

வழியில் உள்ள அதிவேக சார்ஜ் நிலையங்களில் விலை வேறு. யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டி வாங்குகிற இடங்கள் பல. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. எல்லாவற்றையும் 20 ரூபாய்க்கே சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 பைசா. நெடும் பயணம் மிகுதியாகச் செய்கிறவர்கள் இதைத் தனிக் கணக்காக எழுத வேண்டும்.

எழுதுவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். சார்ஜ் செய்யும் பிளக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு சப் மீட்டர் பொருத்திக்கொள்ளுங்கள். அதிக விலையுள்ள பொருளல்ல. (வருகிறவர் வந்த கையோடு எர்த் கம்பியையும் பார்க்கட்டும். பழைய போதகர் இல்லங்கள் பலவற்றில் எர்த் சரியில்லை. எர்த் இல்லாவிட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். மறுப்பது நமது உயிருக்கு நல்லது.) மாதத்தில் ஒரு நாள், பேட்டரி ஒரே அளவுக்கு, உதாரணமாக 80 சதவீதம், சார்ஜ் ஆன வேளையில், சப் மீட்டரின் எண்ணையும் கார் ஓடிய கிலோமீட்டரையும் குறியுங்கள். வெளியே சார்ஜ் செய்த யூனிட்டையும் கட்டிய தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே நாள் ஓட்டத்தை வைத்து முடிவு கட்டவேண்டாம். பேட்டரி சதவீதம் என்பது கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு. இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருந்தாலே சிறு பயணத்தின் கணக்கு குழம்பிவிடும். மாதக் கணக்கில் அது கரைந்துபோகும்.

எழுத ஆரம்பித்தால் எண் மாதத்துக்கு மாதம் ஆடுவதைக் காண்பீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போவதைவிட 90-இல் போகும்போது அது இரண்டேகால் மடங்கு. ஆகவே பெட்ரோல் காருக்கு மாறாக, மின்சாரக் கார் ஊருக்குள் நல்ல மைலேஜும் நெடுஞ்சாலையில் குறைந்த மைலேஜும் தரும். மே மாதத்துச் சென்னை நெரிசலில் மட்டும் வேறு கதை. ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டரே நகர்ந்தால், நகர்வதற்கு 2 யூனிட், குளிர்ச்சிக்கு 1 யூனிட். மைலேஜ் 5-க்கு இறங்கிவிடும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மாத்திரம் 8 யூனிட்டுக்கு மேல் வேண்டும். சாலையில் உருள்வதற்கு ஆகும் யூனிட் வேறு. பாதி வழியில் பேட்டரி மளமளவென்று இறங்குவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தரும். ஆனால் மேலே இருக்கும்போதே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது, பிரேக்குக்குத்தான் வேலை. மலைமேல் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பணத்துக்கும் பிரேக்குக்கும் நல்லது.

நோட்டுப் புத்தகத்தின் மிகப்பெரிய பிரயோஜனம் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் பேட்டரி போய்விட்டது என்று பயப்படுவார்கள். அதன் விலை லட்சங்களில். நோட்டைப் புரட்டுங்கள். யூனிட்டுக்கு ஓடும் கிலோமீட்டரும் சேர்ந்து குறைந்திருந்தால், குற்றம் பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. டயரில் காற்று, புதிதாக மாற்றிய டயரின் வகை, ஒட்டிப் பிடிக்கும் பிரேக், அல்லது ஓட்டுகிறவரின் கால். யூனிட்டுக்கு அதே 7 கிலோமீட்டர் ஓடியும், காலியிலிருந்து நிரம்ப முன்பைவிடக் குறைந்த யூனிட்டே ஏறுகிறதென்றால், தொட்டி சிறுத்துவிட்டது. அது பேட்டரியின் மூப்பு. உத்தரவாதக் காலத்துக்குள் சர்வீஸ் நிலையத்தாரிடம் பேச, தேதியோடு எழுதிய இந்த எண்கள் கையில் இருப்பது பெரிய பலம்.

கடைசியாக, வாங்கலாமா என்ற கேள்வி. மேலே சொன்ன குடும்பத்துக்குக் கிலோமீட்டருக்கு மிச்சம் 5 ரூபாய் 47 பைசா. அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரின் விலை 3 லட்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டால், 55,000 கிலோமீட்டர் ஓடியபின்தான் அந்த 3 லட்சம் திரும்பி வரும். மாதம் 1,050 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நாலரை வருஷத்துக்குள் வந்துவிடும். ஐந்தாறு கிராம சபைகளைச் சுற்றி வரும் போதகருக்கு இன்னும் சீக்கிரம். ஆலயத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து, மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கோ ஒன்பது வருஷம் ஆகும். ஆகையால் எங்களிடம் கேட்கும் கமிட்டியாருக்கு நாங்கள் சொல்வது: கார் கடைக்குப் போவதற்கு முன், இப்போது இருக்கும் வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று மூன்று மாதம் எழுதி வாருங்கள், போதகர் இல்லத்தின் ஈ.பி. கார்டையும் கூடவே எடுத்து வாருங்கள்.