பாட்டன் விட்டுச் சென்ற மோட்டார் வண்டி

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் முதுசொம் என்றால் வயற்காணி, பனங்காணி, வள்ளம், வலை, நகை என எண்ணுவதே வழக்கம். சில வீடுகளில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தெண்ண வேண்டும்: முற்றத்து ஓலைக்கொட்டிலில் நிற்கும் ஒஸ்ரின் அல்லது மொறிஸ் மைனர். பாட்டன் வாங்கிய வண்டியைத் தந்தை ஓட்டினார். இன்று பேரப்பிள்ளை அதற்கு எண்ணெய் மாற்றுகிறான்.

மேல்நாட்டுச் செல்வர்கள் பழைய வண்டிகளைப் பேணுவது பொழுதுபோக்கு. நம்மவர் பேணியது வேறு வழியின்மையால். 1948இல் இலண்டன் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாயிருக்கக் கண்டு, அதை நீளவாக்கில் இரண்டாய் அறுத்து, நடுவே நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கினாராம். 1952இல் ஒஸ்ரின் ஏ40 சமர்செட் வந்தது. இவை இலங்கை வீதிகளுக்குப் பழகிய சில ஆண்டுகளிலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நேர்ந்தது. 1960களில் இறக்குமதி இறுகிற்று. 1977இல் கதவு திறந்து ஜப்பானிய வண்டிகள் வந்திறங்கியபோதும், வடக்கிற்கு அந்த நிம்மதி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

1990இன் பின் பெருநிலப்பகுதியிலும் குடாநாட்டிலும் பெற்றோல் கிடையாப் பொருளாயிற்று. அப்போது இம்முதிய வண்டிகளே கைகொடுத்தன. இதன் காரணத்தை மாணவர் அறிந்துகொள்வது நன்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அமுக்கம் மிகுந்தால் நேரத்திற்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். புதிய வண்டிகளின் அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று, அதற்கும் மேல். பழைய ஒஸ்ரினுக்கோ ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றுதான். ஆகவே அது மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. எனினும் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்கொள்ளாது. சிறு போத்தலில் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருள் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்; அதனால் அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டும். புகையையும் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சியரையும் ஏற்றிச் சென்றவை இவ்வண்டிகளே. எப்பல்கலைக்கழகமும் இவ்வித்தையைக் கற்பிக்கவில்லை. கராஜ்களில் கையோடு கை பழகி வந்தது.

மன்னார்க் கரையில் வண்டிக்கு மற்றொரு பகையும் உண்டு. அது உப்புக்காற்று. மழை குறைந்த ஊராதலால் வண்டி நனைவது குறைவு. ஆயினும் காற்றோடு வரும் உப்பு தகட்டின் மடிப்புகளிற் படிந்து, ஈரத்தை இழுத்து, உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். இதிலே வண்டிக்கு வண்டி வேற்றுமை உண்டு. ஏ40 சமர்செட்டுக்குத் தனியான அடிச்சட்டம் இருப்பதால் உடற்தகட்டைக் கழற்றி ஒட்டலாம். மொறிஸ் மைனரில் உடலும் சட்டமும் பெரும்பாலும் ஒன்றே. கதவின் கீழ்ப்படி உக்கினால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகும். விவரமறிந்த வீடுகளில் நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவி, பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசிவிடுவர். வெளிப்புறத்தை மினுக்கிவிட்டு அடியை மறப்பவரின் வண்டி கண்முன்னே உதிரும்.

உப்புக்குத் தப்பியவை எல்லாம் போருக்குத் தப்பவில்லை. 1990 அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். இராமேசுவரத்திற்கு அகதிகளாய்க் கடந்த தமிழரும் எண்ணற்றோர். வள்ளத்தில் வண்டியை ஏற்ற முடியுமா? திறவுகோலை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள், ஆண்டுகள் கழித்து மீண்டபோது வீடே இல்லாதிருக்க, வண்டியை எங்கே தேடுவது!

எஞ்சிய வண்டிகளில் இலக்கத்தகடும் ஒரு சரித்திர ஏடேயாகும். ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளாலான ஈஎல், ஈஎன், ஈவை போன்றவை முதலில் வந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ வந்தது. அதனை ஏற்காது, சட்டத்தை மீறித் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டியோரும் அக்காலத்தில் உளர். ஓரெழுத்தின் பொருட்டு நாடு எத்துணைக் கொந்தளித்தது என்பதை அத்தகட்டின் முன் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

2022இன் எரிபொருள் நெருக்கடியில், மீண்டும் மண்ணெண்ணெயை நாடலாமே என எண்ணியோர்க்கு அவ்வழியும் அடைபட்டது. அவ்வாண்டு ஆகத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. மீனவர் படகே ஓடாதபோது ஒஸ்ரின் எம்மட்டு?

இப்போது புதிய சிக்கல், பாகம் பிரிப்பதில் எழுகிறது. காணியைத் துண்டுபோடலாம், காரைத் துண்டுபோட இயலாது. பழைய வண்டிகளுக்கு நல்ல விலை கொடுக்கச் சேகரிப்போர் ஆயத்தமாயிருக்க, விற்போம் என்பான் ஒருவன், கூடாது என்பாள் அவன் தமக்கை. விற்கவும் வைத்திருக்கவும் பத்திரம் சீராயிருக்க வேண்டுமன்றோ? பல வீடுகளில் பதிவுப் புத்தகம் இன்னும் காலஞ்சென்ற பாட்டன் பெயரிலேயே கிடக்கிறது. உரியவர் உயிரோடிருக்கையில் ஒரு கையொப்பத்தில் முடிந்திருக்கும் காரியம். இன்று உரித்தாளிகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் சென்னையில், மற்றவர் பேசாலையில். அவர்கள் அனைவரும் இணங்கி எழுதித் தரும்வரை வண்டி கொட்டிலிலேயே நிற்கும். காற்றோ அதுவரை காத்திராது.