கடதாசிக்குச் சீடப்பிள்ளை இல்லை

1952 தேர்தலில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தைக் காங்கேசன்துறையில் தோற்கடித்தவர் யார் என்று கேட்டால், அரசியல் பேசுபவர்கள் உடனே சு. நடேசபிள்ளை என்பார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து சேர். பொன். இராமநாதனின் மருமகனானவர், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், பிரதமர் கொத்தலாவலையின் அமைச்சரவையில் தபால் மந்திரி. காளிதாசனின் சாகுந்தலத்தைச் 'சகுந்தலை வெண்பா'வாகத் தமிழுக்குத் தந்தவரும், 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீதக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரேதான். அந்தத் தேர்தல் இவை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

என்னைக் கேட்டால், அந்தச் சங்கீதக் கல்லூரிதான் அவர் விட்டுப்போன பெரிய சொத்து. சித்தூர் சுப்பிரமணியபிள்ளையும் மகாராஜபுரம் சந்தானமும் தமிழகத்திலிருந்து வந்து அங்கே அதிபர்களாக இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட வித்துவான்களைக் கடல் தாண்டி அழைப்பதென்றால் சும்மாவா? சம்பளம் பேச வேண்டும், வீடு பார்க்க வேண்டும், பாடத்திட்டம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசி. பாட்டு குருவிடமிருந்து சீடனுக்குப் போய்விடும். கடதாசிக்கு அந்த வசதி இல்லை.

அதை யாராவது பொறுப்பெடுத்துக் காக்க வேண்டும். சென்னையில் மியூசிக் அகாடமிக்கு வே. இராகவன் 1944 முதல் 1979 வரை செயலாளர். தாகூரின் நாடகத்தைச் சமஸ்கிருதமாக்கிய அவரும் நடேசபிள்ளையைப் போல மொழிபெயர்ப்பாளரே. ஆண்டு மாநாட்டில் இராக லட்சணம் பற்றி வித்துவான்கள் வாதாடியதெல்லாம் அகாடமியின் சஞ்சிகையில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அது ஒரு நிர்வாகியின் பிடிவாதம்.

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை இருக்கிறது. அதன் பரீட்சைகளை எழுதிக் 'கலாவித்தகர்' ஆனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவர்களின் கடதாசிகள் எங்கே? 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் தீவுப்பகுதிச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. வீட்டில் கிடந்ததைக் கறையானும் உப்புக்காற்றும் பார்த்துக்கொண்டன.

ஆகவே, ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போகிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்படியே பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பெட்டியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். மேளகாரர் பெயர் அச்சிட்ட மகோற்சவ விஞ்ஞாபனம், சபைச் சான்றிதழ், அரங்கேற்ற அழைப்பிதழ், வாத்தியார் எழுதிய கடிதம் என்று எது அகப்பட்டாலும் குப்பையோடு கொளுத்தாதீர்கள். 2005 முதல் இத்தகைய ஆவணங்களை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்திடம் காட்டுங்கள்.