மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

உளுந்தூர்பேட்டை - கள்ளக்குறிச்சி சாலையில் இருக்கும் எலவனாசூர்கோட்டை மாதிரியான ஊர்களில், சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்கள் வருமானச் சான்று, பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நம்பியிருப்பது கம்ப்யூட்டர் சென்டர்களைத்தான். இடி மின்னலுக்கு மறுநாள் அங்கே சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால், சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு "போர்டு போயிடுச்சு" என்பார். புது மதர்போர்டு போட்டதும் ஸ்கிரீன் வரும், ஃபைல்களும் பத்திரமாக இருக்கும். ஆனால் வலது பக்கம் கீழே மங்கலாக ஒரு வரி, விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும். காசு கொடுத்து வாங்கினதுதானே, மறுபடியும் ஏன் கேட்கிறது?

வண்டிக்கு டயர் மாற்றலாம், சீட் மாற்றலாம். சேசிஸ் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது வேறு வண்டி. விண்டோஸுக்கு மதர்போர்டுதான் சேசிஸ். ரேம் கூட்டினாலோ, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலோ பொதுவாகப் பிரச்சினை இல்லை. போர்டு மாறினால்தான் "இது யாருடைய மெஷின்?" என்று கேட்கும்.

அதற்கு என்ன பதில் என்பது லைசென்ஸ் வந்த வழியைப் பொறுத்தது. கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் கவலை இல்லை. பழைய மெஷினில் நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்போடு சேர்ந்தே வந்தது என்றால் அது ஓ.இ.எம். லைசென்ஸ். நம்மூரில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இதுதான். இது அந்த ஒரு மெஷினோடு முடிந்துபோகும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இதன் கீ மதர்போர்டில் இருக்கும் சிப்பிலேயே பதிக்கப்படுகிறது. அதனால்தான் இப்போதைய லேப்டாப்களின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கரைக் காணோம்.

ஓ.இ.எம்.மிலும் ஒரு விலக்கு உண்டு. போர்டு பழுதாகி, அதே மாடல் போர்டையோ, அந்தக் கம்பெனி அதற்கு ஈடாகத் தரும் போர்டையோ போட்டால் புது லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை என்பது மைக்ரோசாஃப்ட் விதி. வேகம் வேண்டும் என்று வேறு போர்டுக்குத் தாவினால் அதைப் புதுக் கம்ப்யூட்டராகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எனவே போர்டு மாற்றிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். சர்வீஸ் சென்டரிலோ மைக்ரோசாஃப்ட் உதவி மையத்திலோ பேசும்போது அதுதான் கைகொடுக்கும்.

இன்றே செய்ய வேண்டியது

சிஸ்டம் நன்றாக ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழைந்து லைசென்ஸை அதோடு இணைத்துவிட வேண்டும். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் முதல் இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் அக்கவுண்டோடு இணைந்திருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். அந்த மெயில் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கடைப் பையனுடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும்.

பிறகு போர்டு மாறினால், அதே பக்கத்தில் டிரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, அதே அக்கவுண்டில் நுழைந்து, பட்டியலில் உங்கள் மெஷினைக் குறிக்க வேண்டும். ரீடெய்ல் லைசென்ஸுக்கு இது நன்றாகவே வேலை செய்யும், ஓ.இ.எம்.முக்கு உத்தரவாதம் கிடையாது. எத்தனை முறை செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. லேப்டாப்பில் வந்தது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'. ஃபார்மட் செய்தவர் போட்டது 'புரோ'. எடிஷன் மாறியதால் ஆக்டிவேட் ஆகவில்லை, போர்டு மேல் தவறே இல்லை. ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் எடிஷன் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

இதெல்லாம் எதற்கு, ஆக்டிவேட்டர் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்பார்கள். சான்றிதழ், ஆதார், வங்கி விவரம் எல்லாம் ஓடும் மெஷினில் யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமை, அதுவும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடுவது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதுதான். சட்டமும் சும்மா விடாது. காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்காகச் சுமார் 10,000 ரூபாய் கொடுத்துப் புது விண்டோஸ் வாங்குவது தண்டம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பழைய பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதும் இல்லை. அந்த மெஷின்களுக்கு லினக்ஸ் போதும். ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதிகம் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. லினக்ஸில் எத்தனை போர்டு மாற்றினாலும் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் கடையில் இருக்கும் பிரிண்டர், கைரேகைக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.