பட்டிக் கணக்கும் தடுப்பூசியும்

ஒரு பிரதேசத்தில் குறித்த நாளில் உள்ள ஆடு, மாடு, எருமைகளை வயது, பால் வாரியாக எண்ணிப் பதிவதே கால்நடைக் கணக்கெடுப்பு. கால்வாய் நோய் போன்ற தொற்றுகளை அடக்க, மருந்துக்கு முன்னரே இந்த எண்ணிக்கை தேவை.

கால்வாய் நோய்க்குப் பத்தில் எட்டு மாடுகளுக்காவது தடுப்பூசி ஏற்றுவது பொதுவான இலக்கு. பதிவேட்டில் 1,000 மாடுகள் இருக்க, 800க்கு ஊசி போட்டால் இலக்கு எட்டியதாகத் தோன்றும். உண்மையில் 1,600 மாடுகள் இருந்தால் அது பாதிதான். ஊசி படாத 800 மாடுகளில் நோய் பரவிக்கொண்டே இருக்கும்.

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் எண்ணுவது இலகுவல்ல. மாட்டுக்காரர் கல்முனையிலோ நிந்தவூரிலோ குடியிருப்பார்; மாடு மேற்கே பட்டியில் நிற்கும். ஒரே பட்டியில் பலருடைய மாடுகள் சேர்ந்திருக்கும். சுட்ட குறியே அவற்றைப் பிரித்துக் காட்டும். வீட்டிலும் பட்டியிலும் பதிந்தால் ஒரு மாடு இரண்டாகிவிடும். பெரும்போகம் விதைத்ததும் மாடுகள் மேய்ச்சல் தரைக்குப் போகும். அறுவடை முடிந்ததும் தாள் மேய வயலுக்குத் திரும்பும். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிக் குர்பானுக்காகப் பல மாடுகள் கைமாறும்.

ஆகவே மாடு இரவு தங்கும் பட்டியையே அலகாகக் கொண்டு, குறுகிய காலத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும். விடியற்காலையில் கடப்பைத் திறந்து மாடுகளை ஒவ்வொன்றாக விட, இருவர் தனித்தனியே எண்ணுவது நல்லது. பசு, நாம்பன் என்று பிரித்துப் பதிய வேண்டும். பால் கறப்பதற்காகத் தனியே அடைத்த கன்றுகளையும் மறக்கக் கூடாது. முஸ்லிம் ஒருவரிடம் மேய்ச்சல் மாடு 30 சேர்ந்தால் ஒரு வயதுக் கன்று ஒன்றை ஸகாத்தாகக் கொடுப்பது கடமை. அதற்காக உரிமையாளர் வைத்திருக்கும் கணக்கு சரிபார்க்க உதவும்.

காட்டோரம் திரியும் எருமைகளுக்கு வேறு முறை உண்டு. 100 எருமைகளுக்குச் சாய அடையாளமிட்டு விட வேண்டும். சில நாட்களின் பின் எதிர்ப்பட்ட 80இல் 40 சாயமிட்டவை என்றால், முதலில் பிடிபட்டவை மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. மந்தை சுமார் 200.

எண்ணிய பின்னரும் பிறப்பு, இறப்பு, விற்பனை தொடரும். காது இலக்கத் தகடும், மாட்டை வேறிடம் கொண்டுசெல்லக் கால்நடை வைத்தியர் கொடுக்கும் சுகாதாரச் சான்றிதழும் பதிவேட்டைப் புதுப்பிக்கத் துணைபுரிகின்றன.

நோய் ஒழிந்ததை நிறுவவும் கணக்கு வேண்டும். 1987இல் இலங்கைக்குள் மீண்டும் நுழைந்த வெக்கை நோய், உலகெங்கும் ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஒரு நாடு இத்தகைய நோயற்றது என்று காட்ட, பட்டிகளைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து குருதி மாதிரி எடுப்பர். பட்டியலில் இல்லாத பட்டி அந்தக் குலுக்கலில் ஒருபோதும் விழாது.