கடல் கடந்தவருக்குப் பதிவேடு உண்டு. ரயில் ஏறி வந்தவருக்கு? மும்பைத் தமிழர்கள் குடும்ப வரலாற்றைத் தேடும் வழிகள்

மும்பை: மும்பை ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ள திலக் நகரில், பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில் பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்வது எளிது. ஆனால், அந்தப் பெட்டியில் இருக்கக்கூடிய தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ, மங்கிப்போன வாடகை ரசீதோ, பேரப்பிள்ளையின் கல்லூரி இடத்தையே முடிவு செய்யும் ஆவணமாக அமையலாம்.

குடும்ப வரலாற்றைத் தொகுப்பது வெளிநாடுகளில் பெரும்பாலும் ஓய்வுநேர ஆர்வமாகவே கருதப்படுகிறது. மும்பைத் தமிழர்களில் பலருக்கு அது சட்டம் கேட்கும் கேள்விக்கான விடையாகும்.

1950 என்ற எல்லைக்கோடு

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோருபவர், தமது குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியன்றே இம்மாநிலப் பகுதியில் நிரந்தரமாக வசித்ததை நிறுவ வேண்டும். பழங்குடியினருக்கு இத்தேதி 1950 செப்டம்பர் 6. சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் 1961 நவம்பர் 21. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 1967 அக்டோபர் 13. சாதிச் சான்றிதழ்களை வழங்குவதையும் சரிபார்ப்பதையும் முறைப்படுத்தும் மகாராஷ்டிரச் சட்டத்தின்படி, மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். விண்ணப்பத்துடன் வம்சாவளி விவரம் அடங்கிய உறுதிமொழிப் பத்திரமும் இணைக்கப்பட வேண்டும். அதாவது, குடும்ப மரத்தை அரசே கேட்கிறது.

ஒரு மாநிலத்தில் பட்டியலிடப்பட்ட வகுப்பினர், வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அதே தகுதியைக் கோர முடியாது என்று, மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் தில்லி குடிநீர் வாரியம் தொடர்பான வழக்கிலும் இந்நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது. எல்லைத் தேதிக்குப் பின்னர் வந்த குடும்பங்கள், சொந்த மாநிலத்தில் தந்தைக்கு வழங்கப்பட்ட சான்றிதழின் அடிப்படையில் இங்கு சான்று பெறலாம். ஆயினும், அதைக் கொண்டு மகாராஷ்டிர மாநில அரசின் இடஒதுக்கீட்டைப் பெற இயலாது. எனவே, முன்னோர் வந்த ஆண்டு எது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் உரிமை அமைகிறது.

ரயிலில் வந்தவர்களின் நிலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்றடைந்த 'ட்ரூரோ' கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்றது. அந்த ஆண்டு முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியல்களில் தொழிலாளியின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் ஆகியவை பதிவாயின. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள குடியேற்ற ஆவணக் காப்பகத்தை அணுகி, வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரின் பதிவைப் பெற முடிகிறது. தோட்ட முதலாளிகளின் தேவைக்காகவும் தொழிலாளர்களைக் கண்காணிக்கவும் எழுதப்பட்ட அப்பதிவேடுகள், இன்று பேரன் பேத்திகளுக்குப் பூர்வீகக் கிராமத்தைக் காட்டுகின்றன.

பம்பாய்க்கு வந்த தமிழர்களுக்கு அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும், எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்து மாட்டுங்காவில் தங்கியவர்களும் உள்நாட்டுப் பயணிகளே. தாதரிலோ விக்டோரியா முனையத்திலோ இறங்கியவரின் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் வந்ததற்கான தடயத்தை, பின்னர் அவர் வாழ்ந்த வாழ்க்கையின் துண்டுச்சீட்டுகளிலிருந்தே திரட்ட வேண்டியுள்ளது.

மும்பையில் எங்கே தேடலாம்?

முதல் ஆதாரம் மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பதிவேட்டில் தேடுமாறு கோரவும் நகல் பெறவும் எவருக்கும் உரிமை அளிக்கிறது. திலக் நகர் பகுதி மாநகராட்சியின் எம்-மேற்கு வட்டத்தில் அடங்கும். எனினும், முன்னோரின் பிறப்போ இறப்போ எந்தப் பகுதியில் நிகழ்ந்ததோ அந்தப் பகுதியின் பதிவேட்டையே கேட்க வேண்டும். புறநகர்களின் பெரும்பகுதி 1950-லும், வடக்கு எல்லைப் பகுதிகள் 1957-லும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. ஆகவே, அதற்கு முந்தைய புறநகர் நிகழ்வுகளுக்கு அக்கால உள்ளாட்சி அமைப்பின் பதிவேடுகள் எங்கு உள்ளன என்பதை விசாரித்துப் பார்ப்பது அவசியம்.

பழைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண் குழந்தை' அல்லது 'பெண் குழந்தை' என்ற குறிப்பும் பெற்றோர் பெயரும் முகவரியும் மட்டுமே இருக்கும். குழந்தையின் பெயரைக் கூறித் தேடி, பதிவு இல்லை என்ற பதிலுடன் திரும்புபவர்கள், தந்தையின் பெயரையும் உத்தேசமான தேதியையும் கொடுத்து மீண்டும் தேடச் சொல்வது பயன் தரும்.

இரண்டாவது ஆதாரம் பள்ளிகள். மாணவர் சேர்க்கைப் பொதுப் பதிவேட்டில் பிறந்த இடமும் சாதியும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், சாதிச் சரிபார்ப்பில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. துறைமுகம், ரயில்வே, அஞ்சல் துறை, மாநகராட்சி ஆகியவற்றில் பணிபுரிந்தவர்களின் பணிப் பதிவேட்டில் சொந்த ஊர், பணியில் சேர்ந்த நாள், வாரிசு விவரம் ஆகியவை கிடைக்கும். பம்பாயில் 1943-லேயே உணவுப் பங்கீடு தொடங்கிவிட்டதால், பழைய ரேஷன் அட்டையும் வசிப்பிடத்துக்கு வலுவான சான்றாகலாம்.

இவை எதுவும் கிடைக்காவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. தந்தைவழி இரத்த உறவினர் ஒருவருக்கு உரிய விசாரணைக்குப் பின் சாதிச் செல்லுபடிச் சான்று வழங்கப்பட்டிருந்தால், மோசடி போன்ற காரணங்கள் இல்லாத நிலையில் அதே குடும்பத்தின் மற்றொருவருக்கும் அதன் பயனை மறுக்கக் கூடாது என்பது பம்பாய் உயர்நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறி. பெரியப்பா, சித்தப்பா வழி உறவினர்களைத் தொடர்பில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பேருதவி.

ஊரில் எங்கே தேடலாம்?

தமிழ்நாட்டில் நிலமே குடும்பத்தின் நினைவேடாக விளங்குகிறது. கிராம 'அ' பதிவேடு, பட்டா, சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று ஆகியவற்றில் பாகப்பிரிவினைகளும் வாரிசுகளும் வெளிப்படும். அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம். 1909-இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் முன்பு சென்னை ஆவண அலுவலகம் என வழங்கியது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் துணைபுரியும்.

அரசு முத்திரை இல்லாத ஆவணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. பழைய திருமண அழைப்பிதழ் இரு தலைமுறைகளின் பெயரையும் ஊரையும் தருகிறது. மொய் நோட்டில் உறவினர்களின் பெயர்கள் ஊர்வாரியாக நிற்கின்றன. நெல்லைப் பகுதியில், பங்குனி உத்திரத்தன்று ஒரே சாஸ்தா கோயிலில் கூடுபவர்கள் ஒரே வழிமரபினர் எனக் கருதப்படுவதால், தொடர்பு அறுந்த குடும்பங்கள் அங்கு மீண்டும் சந்திக்கின்றன. இவை அலுவலகத்தில் நேரடிச் சான்றாகாவிட்டாலும், சான்று எங்கே கிடைக்கும் என்பதைச் சுட்டிக்காட்டும்.

ஒரே மனிதர், மூன்று பெயர்கள்

தேடலில் பெரிதும் இடறச் செய்வது பெயர். ஊரில் 'சு. மாடசாமி' என்று பட்டாவில் உள்ளவர், மும்பைப் பள்ளியில் 'மாடசாமி சுடலைமுத்து' ஆகியிருக்கலாம். குடும்பப் பெயரை முதலில் எழுதும் மகாராஷ்டிர வழக்கப்படி, அதுவே வேறொரு பதிவேட்டில் 'சுடலைமுத்து மாடசாமி' என்று இடம் மாறியிருக்கலாம். அவருடைய மகனுக்கு 'மாடசாமி' என்பதே குடும்பப் பெயராகிவிடும். 'சாமி' என்பது ஆங்கில ஆவணத்தில் 'ஸ்வாமி' ஆவதும் உண்டு.

மாவட்டப் பெயரும் அவ்வாறே. 'டின்னவேலி' என்று பதிவான கிராமம், 1986-இல் உருவான தூத்துக்குடி மாவட்டத்திலோ 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்திலோ இன்று இருக்கலாம். பல பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை இடைப்பட்ட ஆவணங்களைக் கொண்டு காட்ட வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு.

சங்கங்கள் செய்யக்கூடியவை

பிரிட்டனில் 1998-இல் தொடங்கப்பட்ட, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கம், முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. அதன் தன்னார்வலர்கள் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவுகளிலிருந்து பெயர்களை எடுத்து அட்டவணைப்படுத்தி, எவரும் கட்டணமின்றித் தேடும் வகையில் வழங்குகின்றனர். இதழ் வெளியிடுதல், கூட்டம் நடத்துதல், புதியவர்களுக்கு வழிகாட்டுதல் ஆகியவையும் அதன் பணிகள். இதற்குப் பெருநிதியைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்படுகிறது.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களும், ஊர்ச் சங்கங்களும், கோயில் குழுக்களும் ஏற்கெனவே உள்ளன. பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தர மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குவது, தங்கள் உறுப்பினர் பதிவேடுகளையும் நன்கொடைப் பேரேடுகளையும் பாதுகாப்பது, மராத்திப் படிவங்களைத் தமிழில் விளக்கிச் சொல்வது ஆகியவை அவற்றால் இயலக்கூடிய பணிகள். ஸ்கேன் செய்தபின் மூலப்பிரதியை எறிந்துவிடக் கூடாது. சரிபார்ப்பின்போது அசல் ஆவணமே கேட்கப்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, வீட்டின் மூத்தவருடன் அமர்ந்து பேசுவதாகும். எந்த ஊரிலிருந்து, யாருடன், எந்த வேலைக்கு வந்தார்கள், முதலில் எந்தச் சாலில் தங்கினார்கள், பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்ற ஐந்து கேள்விகளுக்கான விடைகள், எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டிவிடும். 1950-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். பதிவேடுகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கக்கூடும். அவர்களது நினைவு காத்திருக்காது.